ரிவர்ஸில் பூட்டிக்கொள்ளும், ஓடினால் சூடேறும்: படகு டிரெய்லரின் சர்ஜ் பிரேக் பழுது

#1 ஏஜாக்ஸ் படகோட்டி (ஒன்டாரியோ)

அனைவருக்கும் வணக்கம். சென்ற வசந்த காலத்தில் 19 அடி ஃபைபர் படகு ஒன்றை அதன் டிரெய்லரோடு சேர்த்துப் பழையதாக வாங்கினேன். ஒற்றை அச்சு டிரெய்லர். படகு, மோட்டார், எரிபொருள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,800 கிலோ வரும். முன்நுனியில் சர்ஜ் பிரேக் ஆக்சுவேட்டரும் (டிரெய்லர் முன்னோக்கி உந்தும் விசையைப் பிரேக் அழுத்தமாக மாற்றும் கருவி), இரண்டு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்கும் இருக்கின்றன.

இப்போது இரண்டு தொல்லைகள் இருக்கின்றன. வீட்டு வாசலின் ஏற்றத்தில் டிரெய்லரை ரிவர்ஸில் ஏற்ற முயன்றால் பிரேக் பிடித்துக்கொள்கிறது. வண்டியின் சக்கரங்கள் சறுக்குகின்றனவே தவிர டிரெய்லர் அசைவதில்லை. ஆனால் படகை நீரில் இறக்கும் சாய்தளத்தில் அதே ரிவர்ஸ் எந்தத் தடையுமின்றிப் போகிறது. மற்றொன்று, வால்ஐ மீன் பிடிப்பதற்காகக் குயின்டே விரிகுடாவுக்குப் போகும்போது, 401 நெடுஞ்சாலையில் பெல்வில் வரை ஓடி நிறுத்தியதும் வலப்பக்கச் சக்கரத்தின் ஹப் (மையப்பகுதி) கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கிறது. பேட் கருகிய வாடையும் வருகிறது. இடப்பக்கம் இளஞ்சூட்டோடு சரி.

ஒரு பழுதுபார்க்கும் நிலையத்தில் காட்டினேன். சக்கரத்தைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், ஆக்சுவேட்டர், காலிப்பர்கள் (பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகங்கள்), குழாய்கள் என அனைத்தையும் மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள். அனைத்தையும் மாற்றுவதற்கு முன், உண்மையில் எது கெட்டிருக்கிறது என்பதை நானே கண்டறிய வழி இருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன்.

#2 நீலப்பாறை (ஒன்டாரியோ)

எனக்குத் தெரிந்த பலர் செய்வதைச் சொல்கிறேன். ஆக்சுவேட்டரிலிருந்து வெளிவரும் குழாயைக் கழற்றி அந்தத் துளையை அடைத்துவிடுகிறார்கள். பிரேக் இல்லாவிட்டால் சூடும் இல்லை, ரிவர்ஸ் தொல்லையும் இல்லை. நல்ல எடையுள்ள வண்டியால் இழுத்தால் அந்த வண்டியின் பிரேக்கே போதும் என்பது அவர்களின் வாதம்.

#3 கால்வெஸ்டன் மெக்கானிக் (டெக்சாஸ்)

முதலில் இரண்டாவது பதிவுக்கு மறுமொழி சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த யோசனையைப் பின்பற்றி யாராவது சாலையில் இறங்கிவிடக் கூடாது. ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்கு, அதை நிறுத்தவும் நிறுத்திய இடத்தில் பிடித்து வைக்கவும் போதுமான பிரேக் இருந்தாக வேண்டும் என்று நெடுஞ்சாலைச் சட்டம் சொல்கிறது. இவருடைய டிரெய்லர் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், ஈரச் சாலையில் அவசரமாக நிறுத்தும்போது பின்னால் 1,800 கிலோ எந்தத் தடையுமின்றித் தள்ளினால், வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் ஒதுங்கி, இரண்டும் மடங்கிக்கொள்ளும். வேலை செய்யாத பிரேக்கைச் சரிசெய்வதுதான் வேலை. அதை அடைத்துவிடுவது வேலை ஆகாது.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளும் பெரும்பாலும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் "எல்லாவற்றையும் மாற்று" என்ற விடை வருகிறது.

சர்ஜ் பிரேக்குக்கு ஓட்டுநரின் காலோடு எந்தத் தொடர்பும் கிடையாது. வண்டி வேகத்தைக் குறைக்கும்போது டிரெய்லர் முன்னோக்கி உந்துகிறது. அப்போது வண்டியோடு பிணைந்திருக்கும் கப்ளர் பகுதி, டிரெய்லரோடு பிணைந்திருக்கும் கூட்டுக்குள் சிறிது நழுவி, அங்கிருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டை அழுத்துகிறது. அந்த அழுத்தம் பிரேக் ஆயில் வழியாகச் சக்கரங்களுக்குப் போகிறது. ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வண்டி டிரெய்லரைத் தள்ளுகிறது, கப்ளர் அதேபோல உள்ளே நழுவுகிறது, பிரேக்கும் பிடிக்கிறது. ஆக்சுவேட்டருக்கு இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே வேறுபாடு தெரியாது. படகுத் துறையின் இறக்கத்தில் டிரெய்லரின் எடையே அதைக் கீழே இழுப்பதால் கப்ளர் நீண்ட நிலையிலேயே இருக்கும். ஆகவே அங்கே பிடிப்பதில்லை. உங்கள் முதல் தொல்லை, ஆக்சுவேட்டர் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கான சான்றாகவே எனக்குப் படுகிறது.

இந்தச் சிக்கலுக்காக டிரம் பிரேக்குகளில், சக்கரம் பின்னோக்கிச் சுழலும்போது ஷூவின் பிடியைத் தளர்த்தும் அமைப்பு வைத்திருப்பார்கள். டிஸ்க் பிரேக்கில் அப்படிச் செய்ய இயலாது. அதனால் மாஸ்டர் சிலிண்டரின் பின்னால் மின்சாரத்தால் இயங்கும் ஒரு சொலினாய்டு வால்வு இருக்கும். ரிவர்ஸ் விளக்கின் மின்சாரம் அதற்கு வந்தால், அது பிரேக் ஆயில் சக்கரத்துக்குப் போகும் வழியை மூடிவிடும். அந்த மின்சாரத்துக்கென்றே டிரெய்லர் பிளக்கில் ஐந்தாவது வயர் ஒன்று வரும். வழக்கமாக அது நீல நிறத்தில் இருக்கும்.

ஆகவே இரண்டு கேள்விகள். உங்கள் வண்டியின் சாக்கெட் எத்தனை முள் கொண்டது? வலப்பக்க ஹப் கொதிக்கும் நேரத்தில் அந்தச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்த்தீர்களா?

#4 ஏஜாக்ஸ் படகோட்டி

மிக்க நன்றி ஐயா. வண்டியில் இருப்பது தட்டையான 4 முள் சாக்கெட். டிரெய்லரிலிருந்து வருவது 5 முள் பிளக். அது 4 முள் சாக்கெட்டில் எளிதாகப் பொருந்திக்கொள்கிறது, ஐந்தாவது மட்டும் வெளியே வெறுமனே நிற்கிறது. நீல வயர்தான். விளக்குகள் எல்லாம் சரியாக எரிந்ததால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. சக்கரத்தை இந்த வார இறுதியில் தூக்கிப் பார்த்துச் சொல்கிறேன்.

#5 கால்வெஸ்டன் மெக்கானிக்

அப்படியானால் முதல் தொல்லைக்கு விடை கிடைத்துவிட்டது. 4 முள் இணைப்பில் இருப்பவை எர்த், பின்விளக்கு, இடது சிக்னலும் பிரேக் விளக்கும், வலது சிக்னலும் பிரேக் விளக்கும் ஆகியவை மட்டுமே. ரிவர்ஸ் விளக்கின் மின்சாரம் உங்கள் சொலினாய்டை ஒருநாளும் எட்டியதில்லை.

உறுதி செய்துகொள்ள, டிரெய்லரின் எர்த்தை 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையோடு இணைத்து, நேர்முனையிலிருந்து ஃபியூஸ் உள்ள ஒரு வயரை நீல வயரில் தொட்டுப் பாருங்கள். ஆக்சுவேட்டரின் பக்கம் காது வைத்தால் "டிக்" என்று ஓர் ஒலி கேட்க வேண்டும். கேட்டால் சொலினாய்டு உயிரோடு இருக்கிறது. கேட்காவிட்டால், அதன் எர்த் இணைப்பைச் சுரண்டித் துருவை நீக்கிவிட்டு மீண்டும் பாருங்கள். பாதிப் பழுதுகள் அந்த எர்த்தில்தான் இருக்கும்.

வண்டியின் பக்கத்தில், ரிவர்ஸ் விளக்கு வயரை நேரடியாக வெட்டி இணைக்காதீர்கள். புதிய வண்டிகளில் அந்தச் சுற்றைக் கணினி கண்காணிக்கிறது. சொலினாய்டு இழுக்கும் மின்சாரத்தைத் தாங்காமல் அது சுற்றையே முடக்கிவிடக்கூடும். ரிவர்ஸ் விளக்கு வயர் ஒரு ரிலேயை (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) மட்டும் இயக்கட்டும். சொலினாய்டுக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக அந்த ரிலேக்கு வரட்டும்.

வலப்பக்கச் சக்கரத்துக்கு வருகிறேன். டிரெய்லரை வண்டியோடு இணைத்தபடியே வைத்து, இடச் சக்கரத்தின் இருபுறமும் கட்டை கொடுத்து, வலப்பக்க அச்சை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டின் மேல் இருத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடக் கூடாது. வண்டியைச் சற்று முன்னே இழுத்து, கப்ளர் முழுவதும் நீண்டிருக்கிறதா என்பதை அதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சக்கரத்தைச் சுழற்றுங்கள். இறுகியிருந்தால், காலிப்பரின் பிளீடர் திருகை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) அரைச் சுற்றுத் திறந்துவிடுங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்து சக்கரம் உடனே விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது என்று பொருள். ஆயில் வெறுமனே கசிந்து, சக்கரம் அப்படியே இறுகி நின்றால், கோளாறு காலிப்பரிலேயே இருக்கிறது: வழிகாட்டிப் பின்கள் துருப்பிடித்திருக்கும், அல்லது பிஸ்டன் சிக்கியிருக்கும். எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது ஒன்றுதான்.

#6 ஹூரான் கரை (மிச்சிகன்)

கால்வெஸ்டன் நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரு சக்கரம் மட்டும் அல்லாமல் இரண்டு சக்கரங்களும் இறுகியிருந்தால், முதலில் பிரேக்அவே கேபிளைப் பாருங்கள். டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால் மாஸ்டர் சிலிண்டரை அழுத்திய நிலையிலேயே பூட்டி வைப்பதற்கான கேபிள் அது. கூர்மையான திருப்பத்தில் எங்காவது சிக்கி அந்த நெம்புகோல் ஒரு பல் இழுபட்டாலும் போதும், ஆக்சுவேட்டர் முழுவதும் விடுபடாமல் பிரேக் உரசிக்கொண்டே ஓடும். கேபிளைப் பாதுகாப்புச் சங்கிலியிலோ, கப்ளர் மாட்டும் பந்திலோ மாட்டாமல், வண்டியின் சட்டகத்தோடு தனியாக இணைக்க வேண்டும். திருப்பத்துக்குத் தேவையான தளர்வும் இருக்க வேண்டும்.

எனக்கு நேர்ந்தது இன்னொரு வகை. எனக்கு முன் டிரெய்லரை வைத்திருந்தவர், டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போட்டிருக்கிறார். ஆனால் ஆக்சுவேட்டரை மாற்றவில்லை. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் எப்போதும் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தக்கவைக்கும் ஒரு சிறு வால்வு இருக்கும். டிரம்மில் ஷூவை இழுக்கும் சுருள்வில் அதை எளிதில் வென்றுவிடும். டிஸ்க்கில் அப்படிப்பட்ட வில் கிடையாது. ஆகவே பேட் இரண்டு பக்கமும் ஓயாமல் மெல்ல உரசி, நெடுந்தூரம் போனால் இரண்டு ஹப்பும் ஒரே அளவில் சூடாகும். காலிப்பரைப் புதிதாக மாற்றிய பிறகும் அது தீரவில்லை. டிஸ்க்குக்கான ஆக்சுவேட்டரைப் போட்ட பிறகே தீர்ந்தது. பழைய டிரெய்லர் வாங்குகிறவர்கள், ஆக்சுவேட்டரின் மேல் ஒட்டியிருக்கும் பட்டையைத் துடைத்து, அது எவ்வகைப் பிரேக்குக்கு உரியது என்பதைப் படித்துவிடுவது நல்லது.

#7 நீலப்பாறை

அடைத்துவிடும் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்; எடை வரம்பைப் பற்றிச் சொன்னது எனக்குப் புதிய செய்தி. ஆனாலும் ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு பிரேக்கை நம்புவதைவிட, மின்சார பிரேக்குக்கு மாறிவிடுவது மேலல்லவா?

#8 கால்வெஸ்டன் மெக்கானிக்

நியாயமான கேள்வி. சாதாரண மின்சார பிரேக்கில், டிரம்முக்குள் ஒரு காந்தமும் அதற்கான வயர்களும் இருக்கும். படகு டிரெய்லர் ஒவ்வொரு முறையும் அச்சு வரை நீரில் மூழ்குகிறது. எங்கள் கால்வெஸ்டனில் அது உப்புநீர். அந்தக் காந்தமும் இணைப்புகளும் நெடுநாள் தாங்குவதில்லை. படகு டிரெய்லர்களில் சர்ஜ் பிரேக் நிலைத்துவிட்டதற்கு இதுதான் காரணம். அது தரம் குறைந்த ஏற்பாடு அன்று. அமெரிக்க மத்திய அரசு 2007 ஆம் ஆண்டில் வணிக வாகனங்களுக்கும் இதை அனுமதித்தது. டிரெய்லரின் மதிப்பிட்ட மொத்த எடை 12,000 பவுண்டுக்குள் இருந்து, அது இழுக்கும் வண்டியின் மதிப்பிட்ட மொத்த எடையைப்போல் 1.75 மடங்கைத் தாண்டாமலும் இருந்தால் போதும்.

இதற்குள்ள குறைகளையும் மறைக்கக் கூடாது. நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் தொடர்ந்து உந்திக்கொண்டே இருப்பதால் பிரேக்கும் தொடர்ந்து பிடித்துச் சூடேறும். வண்டியின் கியரைக் குறைத்துவிட்டு, பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காமல் விட்டு விட்டு மிதித்து இறங்கினாலும் டிரெய்லர் பிரேக்குக்கு முழு ஓய்வு கிடைக்காது. டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால், அதன் பிரேக்கை மட்டும் தனியே இயக்கி நேராக்கும் வசதியும் இதில் இல்லை. மலைப்பாதைகளில் அடிக்கடி இழுப்பவர்கள், டிரெய்லரின் மேல்பகுதியில் நீருக்கு எட்டாத இடத்தில் மின்மோட்டார் பம்பு வைத்து ஆயில் அழுத்தத்தை உண்டாக்கும் அமைப்புக்கு மாறலாம். அதற்கு வண்டிக்குள் கட்டுப்பாட்டுக் கருவியும் 7 முள் சாக்கெட்டும் வேண்டும், செலவும் கூடுதல். ஏஜாக்ஸிலிருந்து பெல்வில் வரை உள்ள சாலைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

#9 தெற்குக்காற்று (மெல்பர்ன்)

ஆஸ்திரேலிய நிலவரத்தைச் சுருக்கமாகப் பதிகிறேன். இங்கே இதை ஓவர்ரைடு பிரேக் என்பார்கள். டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் வேண்டும். 2,000 கிலோ வரை ஓவர்ரைடு பிரேக் போதும். அதற்கு மேல் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், பிரேக்அவே அமைப்பும், ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே இயக்கும் வசதியும் கட்டாயம். சிறிய டிரெய்லர்கள் பலவற்றில் ஆயிலுக்கு மாற்றாகக் கேபிளே காலிப்பரை இழுக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது, கப்ளரின் மேலுள்ள ஒரு சிறு இரும்பு நாக்கை மடித்துவிட்டால் கப்ளர் உள்ளே நழுவாது. அண்ணா, உங்கள் பக்கத்து ஆக்சுவேட்டர்களில் அப்படி ஏதேனும் உண்டா?

#10 கால்வெஸ்டன் மெக்கானிக்

சிலவற்றில் கையால் செருகும் பூட்டுச் சாவிக்கு இடம் இருக்கும். வயர் வேலை முடியும் வரை அதைப் பயன்படுத்தலாம். ஆனால் முன்னோக்கி ஓட்டுவதற்கு முன் அதைக் கழற்றியாக வேண்டும். கழற்ற மறந்தால் பிரேக் இல்லாமல் நெடுஞ்சாலையில் போவீர்கள்.  

#11 ஏஜாக்ஸ் படகோட்டி

சோதனை முடிந்தது. நீல வயரில் 12 வோல்ட் கொடுத்ததும் ஆக்சுவேட்டருக்குள் "டிக்" என்ற ஒலி தெளிவாகக் கேட்டது.

வலச் சக்கரத்தைத் தூக்கியபோது இரு கைகளாலும் திருப்ப முடியவில்லை. பிளீடரைத் திறந்ததும், தேநீர்ச் சாயத்தில் கலங்கிய ஆயில் ஒரு முழத்துக்கு அப்பால் பீய்ச்சியடித்தது. அடுத்த நொடியே சக்கரம் தானாக அரைச் சுற்றுச் சுழன்று நின்றது. பிளீடரை மூடிவிட்டு, உதவிக்கு வந்தவர் ஆக்சுவேட்டரின் தண்டை நீண்ட ஸ்குரூடிரைவரால் அழுத்தி விட்டதும் சக்கரம் மீண்டும் இறுகிவிட்டது. இடச் சக்கரத்தில் இதையே செய்தபோது, அழுத்தும்போது பிடித்து, விட்டதும் விடுபட்டது. இனி எந்தப் பாகத்தைச் சந்தேகிப்பது?

#12 கால்வெஸ்டன் மெக்கானிக்

மிகச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இடச் சக்கரம் விடுபடுவதால் மாஸ்டர் சிலிண்டரின் மேல் குற்றமில்லை. அங்கே ஆயில் திரும்பி வருவதற்கு வழி இல்லாதிருந்தால் இரண்டு பக்கமும் இறுகியிருக்கும். எஞ்சியிருப்பது, அச்சின் மேல் ஓடும் இரும்புக் குழாயையும் வலக் காலிப்பரையும் இணைக்கும் குட்டையான ரப்பர் குழாய். அதை இப்படிப் பிடிக்கலாம்: சக்கரத்தை மறுபடியும் இறுகச் செய்துவிட்டு, ரப்பர் குழாய் இரும்புக் குழாயோடு சேரும் இடத்து நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடுபடாமல், பிளீடரைத் திறந்தால் மட்டும் விடுபடுகிறது என்றால், அடைப்பு ரப்பர் குழாய்க்குள்தான் இருக்கிறது. ரப்பர் உள்பக்கமாக ஊதிப்போய், அழுத்தத்தோடு வரும் ஆயிலை உள்ளே விடும். வில்லோ விசையோ இல்லாமல் மெல்லத் திரும்ப வேண்டிய ஆயிலை விடாது. வெளியே பார்த்தால் குழாய் புதியதுபோலவே இருக்கும். ஆகவே கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம்.

குழாயை மாற்றுவதானால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். இரண்டும் ஒரே வயதுடையவை. பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றுங்கள். டாட் 3 வகைப் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் உள்ளிருந்தே துருவை உண்டாக்கும், ஆயிலின் கொதிநிலையையும் தாழ்த்திவிடும். ஆக்சுவேட்டர் மூடியில் எழுதியுள்ள வகையையே ஊற்றுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, பெயர் ஒத்திருந்தாலும், இதனோடு கலக்கக் கூடாதது. பெயின்டின் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

ஏர் எடுக்கும்போது (குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்றும்போது), ஆக்சுவேட்டரிலிருந்து குழாய் வழியில் அதிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். பிளீடரில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைப் புதிய ஆயில் உள்ள கண்ணாடிப் புட்டிக்குள் மூழ்கவிடுங்கள். ஒருவர் தண்டை மெதுவாக அழுத்தும்போது மற்றவர் திறக்க வேண்டும். விடுவதற்கு முன் மூடிவிட வேண்டும். குமிழிகள் முற்றும் நிற்கும் வரை தொடருங்கள். ஆக்சுவேட்டரின் ஆயில் கிண்ணத்தில் ஆயில் குறையவே விடாதீர்கள். ஒருமுறை வற்றினால் மறுபடியும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியிருக்கும். இந்த வேலை நடக்கும்போது சொலினாய்டுக்கு மின்சாரம் இருக்கக் கூடாது. இருந்தால் வழியே மூடியிருக்கும்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். அவ்வளவு சூடான ஹப்பில் பேரிங்கைப் பார்க்காமல் மூடக் கூடாது. கிரீஸ் கருகிக் கெட்டியாகியிருந்தாலோ, உருளைகள் ஓடும் வளையத்தில் நீலம் பாய்ந்திருந்தாலோ, பேரிங்கையும் சீலையும் மாற்றிவிடுங்கள். பிரேக்கைச் சரிசெய்துவிட்டு, வெந்துபோன பேரிங்கோடு ஓட்டினால் சக்கரமே கழன்று போகும்.

#13 ஹூரான் கரை

நீல வயரை வண்டியில் இணைக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரிவர்ஸ் வயரைத் தேடிக் களைத்து, அருகிலிருக்கும் பின்விளக்கு வயரோடு அதை இணைத்துவிட்ட டிரெய்லரை நான் பார்த்திருக்கிறேன். ரிவர்ஸ் தொல்லை தீர்ந்ததாகத்தான் தோன்றும். ஆனால் விளக்கைப் போட்ட ஒவ்வொரு முறையும் சொலினாய்டு வழியை மூடிவிடும். இரவிலும் மழையிலும் டிரெய்லருக்குப் பிரேக்கே இருக்காது. பகலில் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். வயர் வேலை முடிந்ததும் எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, சக்கரத்தைத் தூக்கி, தண்டை அழுத்திப் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

#14 ஏஜாக்ஸ் படகோட்டி

வேலை முடிந்தது. வலப்பக்க ரப்பர் குழாய்தான். கழற்றிய பிறகு வாயால் ஊதிப் பார்க்கலாம் என்று எண்ணிப் பின்னர் வேண்டாமென்று விட்டு, நீளவாக்கில் அறுத்தே பார்த்தேன். வெளித்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. உள்துளையோ ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இரண்டு பக்கமும் புதிய குழாய் போட்டு, ஆயிலை முழுவதும் மாற்றி ஏர் எடுத்தோம். வலப்பக்க பேரிங்கின் வெளி வளையத்தில் நீலம் ஓடியிருந்ததால், அதையும் சீலையும் மாற்றிவிட்டேன். வலது பேட்கள் உலோகத் தகடு வரை தேய்ந்திருந்தன. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிடிப்பு சமமாக இராது என்பதால் நான்கையும் மாற்றினேன்.

வண்டியில் ரிலேயும் ஃபியூஸும் வைத்து 5 முள் சாக்கெட் போட்டாயிற்று. ஹூரான் கரை நண்பர் சொன்ன சோதனையை, பின்விளக்கு, இரு பக்கச் சிக்னல், பிரேக் விளக்கு என ஒவ்வொன்றாக எரியவிட்டுச் செய்தேன்; எல்லாவற்றிலும் பிரேக் பிடித்தது, ரிவர்ஸ் கியரில் மட்டும் பிடிக்கவில்லை. வாசல் ஏற்றத்தில் இப்போது டிரெய்லர் தடையின்றி ஏறுகிறது. பெல்வில் வரை ஓடி நிறுத்தி அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தபோது இரண்டு ஹப்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தன.

மொத்தச் செலவு, அந்த நிலையத்தில் சொன்ன தொகையில் ஒரு சிறு பங்குதான். இடக் காலிப்பர் பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் உறையில் மட்டும் ஒரு வெடிப்பு தெரிகிறது. கசிவு எதுவும் இல்லை. இந்தப் பருவம் முழுவதும் அப்படியே ஓட்டலாமா, அல்லது இப்போதே மாற்றிவிட வேண்டுமா?

#15 கால்வெஸ்டன் மெக்கானிக்

இப்போதே மாற்றிவிடுங்கள். உறையின் வெடிப்பு வழியாக நீர் புகுந்தால் பிஸ்டனின் மேல் துரு ஏறும். அந்தத் துரு சீலை அறுத்த பிறகு உறையை மட்டும் மாற்றிப் பயனிருக்காது. முழுக் காலிப்பரையும் மாற்ற வேண்டியிருக்கும். உறையும் சீலும் சேர்ந்த பழுதுபார்க்கும் பெட்டி உங்கள் மாதிரிக்குக் கிடைக்கிறதா என்று காலிப்பரின் பின்புறமுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள். மாற்றும்போது வழிகாட்டிப் பின்களை வெளியே எடுத்துத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸைத் தடவி மாட்டுங்கள்.

#16 ஏஜாக்ஸ் படகோட்டி

எண்ணைக் குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை கடை திறந்ததும் போய்க் கேட்கிறேன். பெட்டி கிடைக்காவிட்டால் காலிப்பரையே வாங்கிவிடுகிறேன். அதுவரை படகு வாசலிலேயே நிற்கும்.